படத்திலுள்ள பீரங்கி எது?

1942 ஏப்ரல் 9ஆம் திகதி முற்பகலில், மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். கப்பல் தாழும்போது தாக்கிய விமானமொன்றிலிருந்து எடுத்த படம் இன்றும் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது அந்தப் படம் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கும். கூடவே வேறு சில படங்களும் வரும்: கடலைப் பார்த்தபடி ஒரு பெரிய பீரங்கி, பக்கத்தில் அரைக்காற்சட்டையோடு நாலைந்து சிப்பாய்கள், கீழே “திருகோணமலை, 1942” என்று யாரோ எழுதிய ஒரு வரி.

முதற்படத்தை நம்பலாம். ஹேர்மிஸ் கப்பலின் மேற்தளக் கட்டடமும் அதன்மேல் நிற்கும் தடித்த முக்காலிப் பாய்மரமும் வேறெந்தக் கப்பலோடும் குழம்பாதவை. குருக்கள்மடம், செட்டிபாளையம் பக்கத்துக் கடற்றொழிலாளருக்கு அது கிடக்கும் இடமும் தெரியும்: கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கடல்மைல் தூரம், ஐம்பது மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழம். இரண்டாவது படந்தான் சிக்கல். அந்தப் பீரங்கி திருகோணமலையில் இருந்ததா, சிங்கப்பூரிலா, மோல்ற்றாவிலா? அது பிரித்தானியப் பீரங்கிதானா என்பதுகூட நிச்சயமில்லை. பின்லாந்து வளைகுடாவில் நின்ற ரஷ்யப் பீரங்கியின் படம் பெயர் மாறி நம்மிடம் வந்திருக்கலாம். படத்தை வைத்துக்கொண்டு இதை எப்படித் தீர்மானிப்பது?

கப்பலில் உள்ள பீரங்கிக்கு இந்தத் தொல்லை குறைவு. கப்பலின் பெயர் தெரிந்துவிட்டால் பீரங்கியும் தெரிந்துவிடும். ஹேர்மிஸில் ஐந்தரை அங்குலப் பீரங்கிகள் ஆறு, பக்கத்துக்கு மூன்றாக இருந்தன என்று வரைபடங்கள் சொல்கின்றன. கரைப் பீரங்கிக்கு அப்படி ஒரு வீடு கிடையாது. வட்டமான கொங்கிறீற்றுக் குழி, அதன் நடுவே இரும்புப் பீடம், பின்னால் கடல். உலகின் எந்தத் துறைமுகத்திலும் காட்சி இதுதான். போர்க்காலத் தணிக்கையாளர்கள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் மலையையும் கோபுரத்தையும் படத்திலிருந்து அழித்துவிடுவதும் வழக்கம். ஆகவே இடத்தை விட்டுவிட்டுப் பீரங்கியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

திருகோணமலைத் துறைமுக வாயிலைக் காத்த ஓஸ்டன்பேர்க் கோட்டை மேட்டில் பிரித்தானியர் கரைப் பீரங்கித் தளம் அமைத்திருந்தார்கள். இன்று அந்த மேட்டில் இலங்கைக் கடற்படையின் ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகம் இருக்கிறது. பிரித்தானியப் பேரரசின் துறைமுகங்களில் இரண்டு வகைக் கரைப் பீரங்கிகள் பரவலாக நின்றன: ஆறு அங்குலம், ஒன்பது தசம் இரண்டு அங்குலம். இந்த அங்குலக் கணக்கு குழலின் உள்விட்டத்தைக் குறிக்கிறது. ஆறு அங்குலம் என்றால் 152.4 மில்லிமீற்றர், 9.2 அங்குலம் என்றால் ஏறத்தாழ 234 மில்லிமீற்றர்.

ஒரு படம் எதையும் அதன் உண்மையான அளவில் காட்டாது. கிட்ட நின்று எடுத்த சிறிய பீரங்கியும் தள்ளி நின்று எடுத்த பெரிய பீரங்கியும் தாளில் ஒரே நீளந்தான். ஆனால் ஒரு பொருளின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் இடையிலான விகிதத்தைத் தூரம் மாற்றுவதில்லை. குருக்கள்மடத் துறையில் அம்பிளாந்துறைக்குப் போகப் பாதைப் படகுக்காகக் காத்து நிற்கும் ஒரு மூத்தவர், வாவியில் தொலைவில் புள்ளியாக வரும் தோணி யாருடையது என்று சொல்லிவிடுவார். தோணி எத்தனை முழம் என்று அவர் பார்ப்பதில்லை. நீளத்துக்கு ஏற்ற அகலம், அணியம் எழும் விதம், ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு தாழ்கிறது என்பவற்றை அவருடைய கண் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. பீரங்கி ஆய்வாளரும் இதையே செய்கிறார். கையில் ஓர் அடிமட்டம் மட்டும் கூடுதலாக இருக்கும்.

அவர் தேடும் முதலாவது விகிதம் குழலின் நீளத்தை அதன் உள்விட்டத்தால் வகுத்தால் வருவது. இதைக் குழல்நீள விகிதம் என்று வைத்துக்கொள்வோம். உள்விட்டத்தைப்போல் 45 மடங்கு நீளமான குழலின் விகிதம் 45. பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் உள்விட்டம் தெரியாது என்பதால், வாய்முனையின் வெளிவிட்டத்தை அளந்து, தெரிந்த பீரங்கிகளின் வரைபடங்களோடு பொருத்திப் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. குழல் படமெடுப்பவரை நோக்கிச் சற்றே திரும்பியிருந்தாலும் படத்தில் அது குறுகித் தெரியும். ஆனால் அதன் தடிப்பு அந்த அளவுக்குக் குறையாது. எனவே படத்தில் அளந்து பெறும் விகிதம் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். சரியாகப் பக்கவாட்டில் எடுத்த படத்தில் மட்டும் உண்மைக்குச் சமமாகும். இதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அளவு 38 என்று வந்தால் உண்மை 40 ஆகலாம், 45 ஆகலாம், 50 ஆகலாம். 30 ஆக முடியாது. ஒரே அளவையில் பல சந்தேக நபர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

எஞ்சியவர்களைப் பிரிப்பதற்கு விகிதம் போதாது. பிரித்தானியரின் ஆறு அங்குலப் பீரங்கிகளில் பரவலான ஏழாம் மாதிரியின் விகிதம் 45. ஒன்பது தசம் இரண்டு அங்குலத்தின் பத்தாம் மாதிரிக்கு 46.7. மங்கிய படத்தில் இந்த வித்தியாசத்தை அளக்க முடியாது. ஆனால் முதலாவதன் குழல் ஏழு மீற்றர், எடை ஏழரைத் தொன் அளவில். இரண்டாவதன் குழல் பதினொரு மீற்றருக்கு மேல், எடை 28 தொன். படத்தில் பீரங்கியின் பின்புறத்தை ஒட்டி ஒரு சிப்பாய் நின்றால் அவரே அளவுகோல். அவர் கமராவுக்கு முன்னால் தள்ளி நிற்கக்கூடாது, பீரங்கியின் தூரத்திலேயே நிற்க வேண்டும். அவருடைய உயரம் எனக்குத் தெரியாதே என்று கேட்கலாம். ஐந்தரை அடி என்று எடுத்துக்கொண்டால் பிழை பத்து வீதத்தைத் தாண்டுவது அரிது. ஏழு மீற்றரையும் பதினொரு மீற்றரையும் பிரிக்க அது தாராளம்.

இன்னும் எளிய வழி ஒன்றுண்டு. நம்மூரில் யாரும் விளக்கம் கேட்காத சொல் ‘செல்’. அந்தச் செல்லை எப்படித் தூக்குகிறார்கள் என்று பாருங்கள். ஆறு அங்குலச் செல் 100 இறாத்தல், அதாவது 45 கிலோ; பழகிய ஓர் ஆள் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு வருவார். 9.2 அங்குலச் செல் 380 இறாத்தல், 172 கிலோ. அதை எவரும் அணைக்க முடியாது. சிறிய பாரந்தூக்கி ஒன்று பீரங்கியோடு இணைந்திருக்க வேண்டும். படத்தில் ஒரு மனிதரின் கைகள் எப்படி மடிந்திருக்கின்றன என்பது பீரங்கியின் விட்டத்தைச் சொல்லிவிடும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான். படம் எவ்வளவு மங்கியிருந்தாலும் மனித உடல் பாரத்தை ஒளிக்காது.

இப்போது ரஷ்யாவுக்கு வருவோம். பிரெஞ்சுப் பொறியியலாளர் குஸ்தாவ் கனே வடிவமைத்த ஆறு அங்குலப் பீரங்கியை ரஷ்யப் பேரரசு 1890களின் தொடக்கத்தில் ஏற்று, தன் சொந்தத் தொழிற்சாலைகளில் செய்யத் தொடங்கியது. 1917 புரட்சியின்போது அரோரா கப்பல் வெற்று வெடி வைத்ததும் இவ்வகைப் பீரங்கியால்தான். கரைக் கோட்டைகளிலும் அது ஏராளமாக நின்றது. பின்லாந்து தனிநாடானபோது அந்தக் கோட்டைகளும் பீரங்கிகளும் அதற்குச் சொத்தாக வந்தன. இரண்டாம் உலகப்போரில் அவற்றை முன்னாள் உரிமையாளர் மீதே திருப்பினார்கள். பின்லாந்துப் பாதுகாப்புப் படை 2013இல் தன் போர்க்காலப் படங்களில் ஏறத்தாழ 160,000ஐ இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ரஷ்யக் கரைப் பீரங்கிகளைத் தேடுகிறவர்களுக்கு அது ஒரு சுரங்கம்.

கனே பீரங்கியின் உள்விட்டம் 152.4 மில்லிமீற்றர், விகிதம் 45. பிரித்தானியப் பீரங்கிக்கும் அதே விட்டம், அதே 45! போதாக்குறைக்கு, இரண்டு 45களும் ஒன்றல்ல. ரஷ்யர் குழலை முனையிலிருந்து முனைவரை அளந்து 6.858 மீற்றர் என்றார்கள். பிரித்தானியர் உட்துளையை மட்டும் அளந்தார்கள். அவர்களுடைய குழலின் முழு நீளம் 7.09 மீற்றர். இருபத்துமூன்று சென்ரிமீற்றர் வித்தியாசத்தை இரண்டங்குலப் படத்தில் தேடுவது வீண் வேலை.

இங்கே கைகொடுப்பது தரையில் கிடக்கும் குப்பை. வெடிமருந்து எரியும்போது எழும் வாயு செல்லை முன்னே தள்ளுகிறது. அதே வாயு பின்பக்கத்தாலும் வெளியேறப் பார்க்கும். வெளியேறினால் பீரங்கிக்காரர் பிழைக்க மாட்டார். இதைத் தடுக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மருந்தைப் பித்தளைக் கோதில் அடைப்பது. வெடிக்கும் கணத்தில் கோது விரிந்து குழலின் சுவரோடு ஒட்டி வாயுவை மறிக்கும். பின்பு கதவைத் திறந்ததும் வெற்றுக் கோது வெளியே விழும். மற்றது, மருந்தைப் பட்டுத்துணிப் பையில் கட்டி வைப்பது. பை எரிந்து போகும். வாயுவை மறிப்பது பின்கதவிலேயே பொருத்திய ஒரு மெத்தை வளையம். அமுக்கம் ஏற ஏற அது பக்கவாட்டில் பிதுங்கி இடைவெளியை அடைக்கும்.

பிரித்தானியரின் ஏழாம் மாதிரி பட்டுப்பை வகை. கனே பித்தளைக் கோது வகை. ஆகவே விகிதம் 45க்குப் பொருந்தி, பீரங்கியின் காலடியில் முழங்கால் உயரத்துக்குப் பித்தளைக் கோதுகள் குவிந்திருந்தால், “திருகோணமலை” என்ற எழுத்தை அடித்துவிடலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. பிரித்தானியரிடமும் கோது வகையான பழைய ஆறு அங்குலப் பீரங்கி இருந்தது. அதன் விகிதம் 40. தனித்தனியே எதையும் தீர்மானிக்காத இரண்டு சான்றுகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

குழலுக்கு அடுத்தது பீடம். சுடும்போது குழல் பின்னால் உதைக்கும்; அந்த உதைப்பை வாங்கும் உருளைகள் குழலுக்கு மேலே இருக்கின்றனவா கீழேயா, எத்தனை என்பது நாட்டுக்கு நாடு, மாதிரிக்கு மாதிரி வேறுபடும். கேடயத் தகட்டின் வெட்டு, பின்கதவு திறக்கும் பக்கம் எல்லாம் குறிப்புகள். குழல் எவ்வளவு உயரத்துக்கு நிமிர்கிறது என்பதும் அப்படியே. 9.2 அங்குலத்தின் பழைய பீடம் 15 பாகைவரைதான் நிமிரவிடும். பின்னர் வந்தது 35 பாகைவரை. பிந்திய வகை அவுஸ்திரேலியாவின் றொட்னெஸ்ற் தீவில் இன்றும் நிற்கிறது. அதன் செல் 28 கிலோமீற்றர் போகும். வானத்தை நோக்கி நன்றாக நிமிர்ந்த 9.2ஐப் படத்தில் கண்டால் அது பழைய பீடமல்ல.

பீடத்தை அடையாளம் கண்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களைத் திருத்துவதற்கென்றே ஒரு கதை இருக்கிறது.

ரஷ்யக் கருங்கடல் படையில் மூன்றாம் அலெக்சாந்தர் பேரரசர் பெயரில் ஒரு போர்க்கப்பல் இருந்தது. அதில் 305 மில்லிமீற்றர் பீரங்கிகள் பன்னிரண்டு. புரட்சியிலும் உள்நாட்டுப் போரிலுமாகப் பெயர் இருமுறை மாறி, ஜெனரல் அலெக்சேயெவ் ஆகி, 1920இல் தோற்ற படையோடு துனீசியாவின் பிஸேர்ற்றாத் துறைமுகத்துக்கு ஓடியது. 1930களில் கப்பலை உடைத்து இரும்புக்கு விற்றார்கள். பீரங்கிகளைப் பிரெஞ்சுக்காரர் களஞ்சியத்தில் வைத்தார்கள். 1940இல் சோவியத்தோடு போரிட்ட பின்லாந்துக்கு அவற்றைக் கொடுத்தார்கள். எட்டுக் குழல்கள் போய்ச் சேர்ந்தன. கடைசி நான்கையும் ஏற்றிய நீனா என்ற கப்பல் நோர்வேயின் பேர்கனில் நிற்கும்போது ஜேர்மனியர் அந்த நாட்டைப் பிடித்தார்கள். நான்கு குழல்களும் குறூப் தொழிற்சாலைக்குப் போய், திருத்தப்பட்டு, புதிய ஜேர்மன் பீடங்களில் ஏறி, ஆங்கிலக் கால்வாயின் கேர்ன்சித் தீவில் மீருஸ் பீரங்கித் தளமாக நின்றன. விமானத்திலிருந்து பார்ப்பவரை ஏமாற்ற, கவசக் கூண்டின்மேல் யன்னலும் கதவும் வரைந்து அதை ஒரு குடியானவர் வீடு போலக் காட்டினார்கள். படத்தில் பார்த்தால் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்து மீற்றர்க் குழல் நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் படத்தை மட்டும் வைத்து என்ன சொல்வீர்கள்? சீருடை ஜேர்மன், பீடம் ஜேர்மன், விட்டம் 305. ஜேர்மனியரிடமே 305 மில்லிமீற்றரில் சொந்தக் கரைப் பீரங்கி இருந்தது, விகிதம் 50. ரஷ்யக் குழலுக்கு 52. படம் இதைத் தீர்க்காது. தீர்த்தவை ஆவணங்கள்: கைப்பற்றிய ஆயுதங்களுக்கு ஜேர்மனியர் நாட்டின் முதலெழுத்தை அடைப்புக்குறிக்குள் இடுவார்கள், இந்தப் பீரங்கியின் பெயருக்குப் பின்னால் ரஷ்யாவைக் குறிக்கும் எழுத்து இருந்தது.

பின்லாந்துக்குப் போன எட்டின் கதை இன்னும் விசித்திரம். பின்லாந்துக் கரையிலுள்ள ஹங்கோவில் சோவியத் படை 305 மில்லிமீற்றர் ரயில் பீரங்கிகள் மூன்றை வைத்திருந்தது. அவற்றின் குழல்கள் 1916இல் செவஸ்தபோலில் வெடித்து மூழ்கிய இன்னொரு கப்பலுக்கு உரியவை. அலெக்சாந்தரின் அக்கா என்றே சொல்லலாம். 1941 டிசம்பரில் பின்வாங்கும்போது சோவியத் படையினர் அவற்றைத் தகர்த்துவிட்டுப் போனார்கள். பின்லாந்துக்காரர் பிஸேர்ற்றாவிலிருந்து வந்த குழல்களைப் பொருத்தி மூன்றையும் உயிர்ப்பித்தார்கள். போர் முடிந்ததும் சோவியத் யூனியன் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அக்காவின் பீடத்தில் தங்கையின் குழல். இன்று மொஸ்கோவிலும் சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கிலும் சுற்றுலாப் பயணிகள் அவற்றின் முன்னால் நின்று செல்பி எடுக்கிறார்கள். அன்றைய ரஷ்ய அகல ரயில்பாதையின் அகலம் 1524 மில்லிமீற்றர், ஆறு அங்குலப் பீரங்கி விட்டத்தின் சரியாகப் பத்து மடங்கு. இதில் மர்மம் ஒன்றுமில்லை, இரண்டும் ஆங்கில அடிக்கணக்கில் பிறந்தவை. ஆனால் ரயில் பீரங்கிப் படங்களில் தண்டவாளம் ஓர் இலவச அளவுகோல்.

கடலிலிருந்து கரைக்கு ஏறிய குழல்கள் பிரித்தானியரிடமும் உண்டு. ஹேர்மிஸில் இருந்த அதே ஐந்தரை அங்குல வகையில் இரண்டு, ஹூட் போர்க்கப்பலிலிருந்து கழற்றப்பட்டு அற்லாண்டிக்கின் அசென்சன் தீவில் கரைப் பீரங்கிகளாக நின்றன, இன்றும் நிற்கின்றன. ஹேர்மிஸினுடையவை மட்டக்களப்புக் கடலடியில்.

படத்தில் பீரங்கியைத் தவிர இன்னொரு சாட்சி உண்டு: நிழல். நிழல் விழும் திசையும் நீளமும் சூரியன் எங்கே நின்றது என்பதைக் காட்டும். சூரியன் நின்ற இடம் நாளையும் நேரத்தையும் அகலாங்கையும் ஒன்றாகக் கட்டுகிறது. மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கணக்கிடலாம். வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு ஏப்ரலிலும் எந்த ஊருக்கு எந்த நாளில் சூரியன் நேரே உச்சம் கொடுக்கும் என்று அறிவிக்கும். குருக்கள்மடத்தின் அகலாங்குக்கு அந்த நாள் ஏப்ரல் 9ஐ ஒட்டி வருகிறது. அதாவது ஹேர்மிஸ் தாழ்ந்த அன்று, சூரியன் கிழக்கில் எழுந்து, முற்பகல் முழுவதும் கிழக்கைவிட்டுப் பெரிதாக விலகாமல், நட்டுச்சிக்கு ஏறியது. அன்றைய முற்பகலில் எந்தக் கப்பலின் நிழலும் மேற்கேதான் விழும். ஒளிபட்ட பக்கம் கிழக்கு. ஆகவே விமானத்திலிருந்து எடுத்த அன்றைய படங்களில் திசைகாட்டி இல்லாமலே கப்பலின் முகம் எங்கே பார்த்தது என்று சொல்லலாம். தாக்குதலுக்கு முன் கப்பல் வடக்கே திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது என்ற பதிவைப் படத்தோடு வைத்துச் சரிபார்க்கலாம். கடிகாரங்களை நம்பினால் குழம்புவோம். ஜப்பானியக் கடற்படை ரோக்கியோ நேரத்தில் எழுதியது. இலங்கையில் போருக்காக 1942 ஜனவரியில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியிருந்தார்கள். நிழலுக்கு இந்தச் சட்டங்கள் எதுவும் கிடையாது.

இத்தனைக்கும் மேல் ஒரு நீதிமன்றம் இருக்கிறது: இரும்பு. பீரங்கியின் பின்முகத்தில் செய்தவர் பெயர், தொடரிலக்கம், ஆண்டு ஆகியவற்றைக் கொத்தி வைப்பார்கள். ரஷ்யப் பீரங்கியானால் ரஷ்ய எழுத்தில். கொக்கோஸ் தீவுக்கூட்டத்தின் ஹோர்ஸ்பேர்க் தீவில் ஆறு அங்குலப் பீரங்கிகள் இரண்டு துருவேறிக் கிடக்கின்றன. 1942இல் அவற்றை இயக்கியவர்கள் இலங்கைப் பீரங்கிப் படையினர். அந்த ஆண்டு மே 8 இரவு அவர்களில் சிலர் கிளர்ந்தெழுந்தார்கள். கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் ஓகஸ்டில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தத் தீவின் பீரங்கியென்று ஒரு படம் கிடைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை, போய்ப் பார்த்து ஒப்பிடலாம். இரும்புக்கு அடுத்தபடி அக்கால ஆவணம், அதற்கடுத்து படம். படத்தின் கீழே எழுதிய வரிக்குக் கடைசி இடம். நம்மில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

இப்போது ஒரு புதிய ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. பழைய படத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று சொல்லும் செயலிகள் உண்மையில் அதை மீண்டும் வரைகின்றன. மங்கிய இடத்தில் ஆணிகளையும் மூட்டுகளையும் தாமாக ஊகித்து நிரப்புகின்றன. பார்க்க அழகாக இருக்கும், சான்றாக ஒரு சதத்துக்கும் உதவாது. பின்கதவு திறக்கும் பக்கத்தையே அவை மாற்றிவிட்டிருக்கலாம்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தக் காலத்துத் திருகோணமலைத் துறைமுகப் படமோ, படையில் இருந்த பாட்டனாரின் படமோ இருந்தால், மூலத்தை வெட்டவோ நிறமூட்டவோ வேண்டாம். ஓரங்கள் உட்பட முழுவதையும், பின்பக்கத்தையும் சேர்த்து, உயர்ந்த தெளிவில் ஸ்கான் செய்யுங்கள். ஸ்ரூடியோ முத்திரையும் மங்கிய பென்சில் எழுத்தும் பின்பக்கத்தில்தான் இருக்கும். ஒரு பிரதியை நூலக நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். படத்தில் இருப்பது எது என்று தெரியாவிட்டால் “தெரியாது” என்றே எழுதிக் கொடுங்கள்.